குரக்குவலிக்கு அதிமதுரக் கஷாயமும் நொச்சித் தைலமும்: எது வேலை செய்கிறது?

வேர்க்கொம்பு:
ராத்திரித் தூக்கத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகும் குரக்குவலிக்கு மாத்திரை தேட வேண்டியதே இல்லை. இடித்த அதிமதுரம் 5 கிராம், தண்ணீர் 400 மிலி. சிறுதீயில் 100 மிலியாகச் சுண்டவைத்து வடிகட்டி, படுக்கப் போகுமுன் குடிக்கணும். இரண்டு மாதம் விடாமல். கூடவே காலுக்கு நொச்சித் தைலம். அதிமதுரம் தசையை இளக்கும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. பியோனி என்ற பூச்செடியின் வேரும் அதிமதுரமும் சேர்ந்த 'ஷாக்குயாக்கு கான்சோ தோ' என்ற மருந்தை அங்கே மருத்துவர்களே குரக்குவலிக்கு எழுதித் தருகிறார்கள்.

ஆடுதசை:
சாட்சியைக் கூப்பிட்டாச்சு, முழுசா விசாரிச்சுடுவோம். அந்த மருந்தில் பாதி பியோனி. உங்க கஷாயத்தில் அது கிடையாது. அதோட அதே மருந்துக்கு அங்கே சொல்ற பெரிய எச்சரிக்கை என்ன தெரியுமா? பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். குற்றவாளி அதிமதுரத்தில் இருக்கிற கிளிசிரைசின். சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கிற நொதியை அது முடக்கிடுது. உடனே கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனோட வேஷம் போட்டு, உப்பைத் தேக்கி பொட்டாசியத்தை வெளியே தள்ளுது.

கணக்கும் போட்டுப் பாருங்க. தினமும் எடுக்க கிளிசிரைசினுக்கு ஐரோப்பிய உணவு அறிவியல் குழு சொன்ன மேல்வரம்பு 100 மில்லிகிராம். வேரில் வெறும் 2 சதவீதம் இருந்தாலே 5 கிராமில் அந்த 100 வந்துடும். பல வேர்களில் அதைவிட அதிகம். பொட்டாசியம் ரொம்ப இறங்கினா தசை சோர்ந்து போகும், பிடிச்சும் இழுக்கும். எதை நிறுத்தக் குடிக்கிறோமோ, இரண்டு மாசம் குடிச்சா அதையே வரவழைக்கிறோம்.

வேர்க்கொம்பு:
வேரில் இருப்பதெல்லாம் கஷாயத்தில் இறங்கிவிடுமா என்ன?

ஆடுதசை:
எல்லாம் இறங்காது. ஆனா கிளிசிரைசின் வெந்நீரில் நல்லாவே கரையும், நீங்களோ கால்பங்கா சுண்ட வைக்கிறீங்க. நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் கசியுது. அவங்க இதைத் தொடவே கூடாது.

மணல்பதம்:
கஷாயச் சண்டை ஒருபுறம் நடக்கட்டும். 'கூடவே நொச்சித் தைலம்' என்று ஒரு வரியில் தாண்டிப் போனதுதான் உறுத்துகிறது. தைலம் கெடுவது பதத்தில்தான்.

நல்லெண்ணெய் 250 மிலி, நொச்சி இலைச்சாறு 1 லிட்டர், அரைத்த இலை விழுது 60 கிராம். அடிகனமான அகலப் பாத்திரம். பொங்கும், ஆகவே பாதிக்கு மேல் இடம் காலியாக இருக்கட்டும். சிறுதீயில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். அடியில் தேங்கும் கசடைக் கரண்டியில் எடுத்து விரலிடையே உருட்டுங்கள். மெழுகு மாதிரித் திரண்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நெரித்தால் மணலாக உதிர வேண்டும், பூச்சுத் தைலத்துக்கு அதுவே பதம். சந்தேகம் இருந்தால் அந்தக் கசடில் துளியைத் தீயில் காட்டுங்கள். சடசடத்தால் தண்ணீர் இருக்கிறது. அப்படியே பாட்டிலில் ஊற்றினால் சீக்கிரமே பூஞ்சை கட்டும், காறல் வாடை அடிக்கும். பதம் தாண்டினால் கசடு கருகி, எண்ணெயும் தீய்ந்து நாறும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

கற்பூரம் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, வடிகட்டி, எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான். கொதிக்கும் எண்ணெயில் போட்டால் ஆவியாகிப் போகும். தீ பக்கத்தில் இருந்தால் பற்றிக்கொள்ளும். 12 கிராம் போதும், சுமார் 5 சதவீதம். 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 சதவீதத் தைலத்தில் ஒரு டீஸ்பூனிலேயே கிட்டத்தட்ட 1 கிராம் கற்பூரம் இருக்கும். குழந்தை விழுங்கினால் வலிப்பு வர அது போதும். பாட்டிலை உயரத்தில் வையுங்கள். தைலம் தடவிய இடத்தில் சூடான ஒத்தடத்தைக் கட்டிவிட்டுத் தூங்கவும் கூடாது, தோல் வெந்துபோகும்.

ஆடுதசை:
செய்முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனா பிடிப்பை விடுவிக்கிறது தைலமா, தேய்க்கிற கையா? கற்பூரம் தோலில் குளிர்ச்சியும் உறைப்பும் கொடுத்து, வலியிலிருந்து கவனத்தைத் திருப்புது. இறுகின தசைக்கு வேண்டியது நீட்டல். முழங்காலை நீட்டி, முன்பாதத்தைக் கையால் முட்டியை நோக்கி இழுத்து 30 விநாடி பிடிச்சா எண்ணெய் இல்லாமலே இளகும். 2012-ல் 55 வயசு தாண்டின 80 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஆறு வாரம் படுக்கும்முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டினவங்களுக்கு இரவுப் பிடிப்பு குறைஞ்சது.

இன்னொண்ணு. ஒரே கால் மட்டும் வீங்கி, சூடா, சிவந்து, வலி விடாம இருந்தா அது பிடிப்பா இல்லாம ரத்தக்கட்டியாவும் இருக்கலாம். அங்கே தேய்க்கவே கூடாது, நேரா மருத்துவரிடம்.

மணல்பதம்:
தேய்ப்பதற்கு வழுக்கலாவது எண்ணெய் கொடுக்கிறதே. கெண்டைக்காலில் வறட்டுக் கையால் அழுத்தித் தேய்த்தால் தோல்தான் உரியும்.

சீரகத்தண்ணி:
ஓமம், புதினா எண்ணெய் எல்லாம் பிடிப்பை நீக்கும் என்கிறார்களே, அதை யாரும் சொல்லவில்லையே?

ஆடுதசை:
அது வயித்துப் பிடிப்புக்கு. குடல் சுவரில் இருக்கிறது மென்தசை. புதினா எண்ணெயின் மென்தால் அங்கே கால்சியம் உள்ளே போறதைத் தடுத்து இளக்குது. கெண்டைக்காலில் இருக்கிறது எலும்புத்தசை, நரம்பு ஏவினாத்தான் சுருங்கும். ரெண்டுக்கும் தமிழில் 'பிடிப்பு'ன்னு ஒரே பேர் வெச்சதுதான் வினை.

வேர்க்கொம்பு:
மூலிகையே உதவாது என்றால் மலேரியா மருந்தான கொய்னா எங்கிருந்து வந்தது? சின்கோனா மரப்பட்டையிலிருந்துதானே? குரக்குவலியை அது குறைக்கும் என்று ஆய்வுகளே சொல்கின்றன.

ஆடுதசை:
குறைக்கும், கொஞ்சம். ஆனா அதே மருந்து ரத்தத் தட்டணுக்களை வீழ்த்தும், இதயத் துடிப்பைக் குலைக்கும். அதனால்தான் குரக்குவலிக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்னு அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்குது. பட்டையிலிருந்து வந்ததால பாதுகாப்புன்னு ஆகிடாது. உங்க பக்கம் பேசணும்னா கொய்னாவை விட்டு ஊறுகாய்த் தண்ணியை எடுத்திருக்கணும். 2010-ல் மின்தூண்டலில் கால்தசையைப் பிடிக்க வெச்சு, கிலோ எடைக்கு 1 மிலி வீதம் வெள்ளரி ஊறுகாய் நீர் கொடுத்தாங்க. தண்ணி குடிச்சதைவிட ஏறக்குறைய 49 விநாடி முன்னாடியே பிடிப்பு விட்டுது. அதுக்குள்ள உப்பு ரத்தத்தில் கலந்திருக்க முடியாது. தொண்டை உறைப்பை உணர்ந்து, நரம்புவழியா முதுகுத்தண்டில் தசையை ஏவுற நரம்பணுக்களை அடக்கியிருக்கணும்னு விளக்கம்.

வேர்க்கொம்பு:
உறைப்புதான் காரணம் என்றால் இஞ்சியும் அதையே செய்யுமே! செல்லுக்குள் அயனிகள் போய்வரும் தடங்களை ஆராய்ந்து 2003-ல் நோபல் வாங்கிய ராடரிக் மெக்கின்னன், இஞ்சியும் லவங்கப்பட்டையும் மிளகாயும் சேர்த்துக் குரக்குவலிக்கென்றே ஒரு பானம் உருவாக்கினார்.

ஆடுதசை:
உருவாக்கினார், ஆனா அதை வெச்சு நடந்த சோதனைகளில் முடிவு ஒரே மாதிரி வரலை. இருந்தாலும் இஞ்சிக்கு என் எதிர்ப்பு இல்லை. முயற்சி பண்றவங்க கேப்சூலா விழுங்காதீங்க, தொண்டைக்குக் காரமே தெரியாது. சாறு 10 மிலி, தண்ணி 50 மிலி, சர்க்கரை இல்லாம வாயில் கொஞ்சநேரம் வெச்சு விழுங்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க மருத்துவரைக் கேட்டுட்டுத் தொடங்கட்டும்.

வேர்க்கொம்பு:
சரி, 'இரண்டு மாதம் விடாமல்' என்பதை வாபஸ் வாங்குகிறேன். தைலத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மணல்பதம்:
விடாதீர்கள். ஆனால் இலைச்சாறு பிழியும்போது மிக்ஸியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் வற்றும்வரை நீங்கள்தான் அடுப்படியில் நிற்க வேண்டும்.