உதவி: ஹைட்ராலிக் ஹைபிரிட் லாரி, மைலேஜ் ஏறவே மாட்டேங்குது

மண்டபம்_பையன்: அண்ணே அவசரம், வெள்ளிக்கிழமை ரிவியூ. மீன் லாரிக்கு பேரலல் ஹைட்ராலிக் ஹைபிரிட் (பிரேக் சக்திய எண்ணெய் அழுத்தமா சேத்து, இன்ஜினோட சேந்து வண்டிய தள்ளுறது) போட்டு கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் ஓட்டுறேன், மைலேஜ் சாதா டீசல் லாரிய விட கம்மியா வருது. எப்ப இன்ஜின், எப்ப ஹைட்ராலிக்னு சொல்ற பவர் மேனேஜ்மெண்ட் ரூல் எல்லாம் சரியாத்தான் எழுதிருக்கேன். எங்க தப்பு??

கீழக்கரை டீசல்: வெயிட்டு எவ்வளவு, அக்குமுலேட்டர் எத்தன லிட்டர், எந்த ரூட்டு? ஒண்ணுமே சொல்லாம எங்க தப்புன்னா ஜோசியமா பாக்குறது

லோடுமேன்72: டயர்ல காத்து பாருங்க தம்பி, முக்காவாசி மைலேஜ் கம்ப்ளைன்ட் அதான்

கீழக்கரை டீசல்: அது கம்ப்யூட்டர்ல ஓடுற லாரிண்ணே

வால்வு வாத்தியார்: பேசிக்ஸ் படிக்காம ப்ராஜெக்ட் எடுத்தா இப்படித்தான். அக்குமுலேட்டர் பேட்டரி இல்ல தம்பி, எண்ணெயால நைட்ரஜன அமுக்கி வைக்கிற சிலிண்டர். பவர அள்ளிக் குடுக்கும், ஆனா கொள்ளுறது கொஞ்சம். எத்தன தடவ எழுதுறது, யாரும் தேடிப் படிக்கிறதில்ல.

மண்டபம்_பையன்: சாரிண்ணே. லோடோட 10 டன். 50 லிட்டர், ப்ரீசார்ஜ் (எண்ணெய் ஏறுறதுக்கு முன்ன இருக்கிற கேஸ் அழுத்தம்) 120 பார், மேல 350. ராமேஸ்வரம் டு ராம்நாடு. சார்ஜ் 70%க்கு கீழ எறங்குனா இன்ஜின் பம்ப்ப சுத்தி ஏத்தும்

கீழக்கரை டீசல்: அங்கதான் மாட்டுனீங்க. 10 டன் 50 கிமீ வேகத்துல போனா வண்டியோட ஓட்டத்துல இருக்கிற சக்தி 0.96 மெகாஜூல், உங்க 50 லிட்டர் சுத்தமா காலியா இருந்தாலே 0.6 சொச்சம்தான் வாங்கும், அதையும் நீங்களே டீசல் செலவழிச்சு நெரப்பி வச்சிட்டா பிரேக் அடிக்கிறப்ப வர்றது எங்க போகும்? பிரேக் ட்ரம்ல சூடாப் போகும். பம்ப்ல ஒரு நஷ்டம் மோட்டார்ல ஒரு நஷ்டம் வேற. ஓடுறப்ப காலியா வைங்க, பிரேக்ல மட்டும் நெரப்புங்க, கெளம்புறப்ப மொதல்ல அதத் தீத்துட்டு அப்புறம் இன்ஜின். குப்பை லாரிக்கு இது தோதா இருக்கிறதே வீட்டுக்கு வீடு நிக்கிறதாலதான்

வால்வு வாத்தியார்: கைல ரூல் எழுதுறதே தப்பு. டைனமிக் புரோகிராமிங் ஓட்டு, ரூட்டு பூரா எது சிக்கனம்னு கம்ப்யூட்டரே கணக்கு போட்டுக் குடுக்கும்.

கீழக்கரை டீசல்: அதுக்கு முழு ரூட்டும் முன்கூட்டியே தெரியணும் சார், ஓடுற வண்டில அப்படியே போட முடியாது. அது குடுக்குற விடையப் பாத்து ரூல் எடுக்கலாம், அவ்ளோதான்

லோடுமேன்72: கச்சான் காத்த கணக்குல சேத்தீங்களா? பாம்பன் பாலத்துல ராம்நாடு பக்கம் வர்றப்ப மூஞ்சிலயே அறையும்

தங்கச்சிமடம்_ஐஸ்: மூஞ்சிலயா? கச்சான் தென்மேக்குண்ணே, பாலத்துல வெலாவுலதான் அடிக்கும்

லோடுமேன்72: 20 வருசமா அந்தப் பாலத்துல ஸ்டீரிங் புடிக்கிறேன், எனக்கே சொல்றியா

மண்டபம்_பையன்: ரூல மாத்திட்டேன். டவுனுக்குள்ள ஏறிருச்சு, ஹைவேல பெருசா ஒண்ணுமில்ல. நன்றிண்ணே

வால்வு வாத்தியார்: ஹைவேல ஏறாதுன்னு நான் அப்பவே சொன்னேன்.

கீழக்கரை டீசல்: எங்க சொன்னீங்க?

தங்கச்சிமடம்_ஐஸ்: அண்ணே ஆடில வாங்க, பாலத்து மேல துண்டப் புடிச்சுக் காட்டுறேன், எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாப்போம்