லினக்ஸில் ஓடும் சோதனை ஸ்கிரிப்ட் மேக்கிலும் விண்டோஸிலும் நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் திட்டத்தைத் தொகுத்துச் சோதிக்க, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றை உபுண்டு லினக்ஸில் எழுதினேன். அங்கே பிழையின்றி ஓடுகிறது. மேக்கில், பதிப்பு எண்ணை மாற்றும் செட் (sed, உரையைத் திருத்தும் கட்டளை) வரியிலேயே நின்றுவிடுகிறது. விண்டோஸில் கிட் (Git, நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) வழியாக இறக்கி, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் ஓட்டிய நண்பருக்கோ, பாஷ் என்ற பெயரின் வாலில் ‘^எம்’ ஒட்டிக்கொண்டு பிழைச்செய்தி வருகிறது. இயங்குதளத்துக்கு ஒன்றாகத் தனித்தனி ஸ்கிரிப்ட் எழுதித்தான் ஆக வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டாம். ஒன்றைத் திருத்திவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவீர்கள். உபுண்டுவில் இருப்பது குனு திட்டத்தின் செட். மேக்கில் இருப்பது பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழிவந்தது. கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தச் சொல்லும் ‘-ஐ’ (-i) தெரிவுக்குப் பின் காப்புக்கோப்பின் பின்னொட்டு வர வேண்டும் என்று பிஎஸ்டி செட் எதிர்பார்ப்பதால், நீங்கள் எழுதிய மாற்று விதியைப் பின்னொட்டாகவும் கோப்பின் பெயரைக் கட்டளையாகவும் எடுத்துக்கொண்டு தடுமாறுகிறது. பின்னொட்டின் இடத்தில் வெற்று மேற்கோள் குறி இட்டால் மேக்கில் சரியாகும், உபுண்டுவில் உடையும். ‘-ஐ.பேக்’ என்று இடைவெளியின்றி எழுதினால் இரண்டும் ஏற்கும். ஆனால் ‘-ஐ’ யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலேயே இல்லை. வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பெயர் மாற்றுவதையே நான் விரும்புவேன்.

மறுமொழி 2:
அந்த ‘^எம்’ விண்டோஸின் வரிமுடிவுக் குறி. கிட் கோப்புகளை இறக்கும்போது லினக்ஸின் வரிமுடிவான எல்எஃப்பை விண்டோஸின் சிஆர்எல்எஃப்பாக மாற்றியிருக்கிறது. களஞ்சியத்தின் வேரில் ‘.கிட்அட்ரிபியூட்ஸ்’ கோப்பை வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு வரிமுடிவு எப்போதும் எல்எஃப் என்று அதில் குறித்துவிடுங்கள். ஒவ்வொருவரும் தம் கணினியின் கிட் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. முன்பே இறக்கிய கோப்புகள் தாமாக மாறா; நண்பரை மறுபடி குளோன் செய்யச் (களஞ்சியத்தைப் புதிதாக நகலெடுக்க) சொல்லுங்கள்.

மறுமொழி 3:
செட்டைக் கடந்ததும் அடுத்த தடை பாஷாக இருக்கக்கூடும். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பைத் தவிர்ப்பதற்காக ஆப்பிள் பாஷ் 3.2-இலேயே நின்றுவிட்டது. 2009-இல் வந்த 4.0-இன் பெயர்ச்சாவி அணிகளும் (எண்ணுக்குப் பதில் பெயரைச் சொல்லி மதிப்பை எடுப்பவை) கோப்பின் வரிகளை அணியில் ஏற்றும் ‘மேப்ஃபைல்’ கட்டளையும் அதில் கிடையா. இது தெரியாமல் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தவன் நான். ஸ்கிரிப்ட் ஐம்பது வரியைத் தாண்டினால் பைத்தானுக்கு மாற்றிவிடுங்கள். செட்டும் பாஷும் எந்தப் பதிப்பு என்ற கேள்வியே எழாது.

கேட்டவர்:
இரண்டு திருத்தங்களும் பலித்தன, நன்றி. உள்ளே ஒரு பெயர்ச்சாவி அணியும் இருக்கிறது. அந்தப் பகுதியைப் பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் மேக்கிலிருந்து வந்த ஒரு மாற்றம் உபுண்டுவில் உடைந்தது: கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, அழைத்த இடத்தில் சிறிய எழுத்து இருந்தது. மேக் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் அங்கே யாரும் கவனிக்கவில்லை.