சொந்தமா எழுதுன நாட்டுப்புறப் பாட்டு, எப்படி ரிலீஸ் பண்றது?

கேள்வி: கிடார் வச்சு நானே எழுதிப் பாடுன ஆறு பாட்டு இருக்கு, லேபிள் (பாட்டு வெளியிடற கம்பெனி) கிடையாது, மொத்தமா ஆல்பமா விடவா இல்ல ஒவ்வொண்ணாவா? ஒண்ணுக்கு பழைய மரபு மெட்டு, அத பாடலாமா?

பதில்: ஒவ்வொண்ணா விடுங்க. ஸ்பாட்டிஃபைல ஒரு நேரத்துல ஒரு பாட்டதான் பிட்ச் பண்ண (பிளேலிஸ்ட்ல சேர்க்கச் சொல்லி அவங்க எடிட்டர்கள்கிட்ட கேட்க) முடியும், ரிலீஸுக்கு 7 நாள் முன்னாடியே குடுத்துருங்க. 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீமாவது வரலன்னா அந்தப் பாட்டுக்கு காசே வராது, அதனால ஸ்பாட்டிஃபை மட்டும் நம்பாதீங்க.

பதில்: என் முதல் ஷோவுல முப்பது பேர் இருந்தா அதிகம், வாசல்ல ஒரு நோட்டும் பேனாவும் வச்சேன், அதுல ஈமெயில் எழுதிட்டுப் போனவங்கதான் இன்னைக்கும் பேண்ட்கேம்ப்ல (பாடறவங்க ரசிகர்களுக்கு நேரா பாட்டு விக்கிற வெப்சைட்) என் பாட்ட வாங்குறாங்க. அந்த மரபு மெட்ட தைரியமா பாடுங்க, ஆனா இன்னொருத்தரோட அரேஞ்ச்மென்ட்ட (அந்த மெட்டுக்கு அவங்க அமைச்ச இசைய) அப்படியே எடுத்துடாதீங்க, அது அவங்க உழைப்பு.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, நோட்டு இன்னைக்கே வாங்கிடறேன்.