ஈர மணலில் பின்பாயிண்டர் ஓயாமல் அதிர்கிறது: உதவி தேவை

கேள்வி (டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூன் கரையில், பூசை முடிந்து தண்ணீரில் இறங்கிய ஒரு அம்மாவின் தாலி சரடு அறுந்து விழுந்துவிட்டது. தேடித் தரும்படி குடும்பத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். உலோகம் தேடும் பெரிய டிடெக்டரில் குறையில்லை. அது ஒலிக்கும் இடத்தில் குழி தோண்டி, பொருள் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்கப் பின்பாயிண்டரை (கையடக்கமான சிறு டிடெக்டரை) உள்ளே விடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

என்னுடையது 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும், நீர் புகாத, மூன்று உணர்திறன் நிலைகள் கொண்ட கருவி. வீட்டுத் தோட்டத்திலும் கரையின் மேற்புறத்துக் காய்ந்த மணலிலும் ஒழுங்காக இருக்கிறது. ஒரு ரேண்ட் நாணயத்தை நுனிக்கு இரண்டு விரல் தள்ளிக் காட்டினாலே துடிக்கிறது. ஈர மணலிலோ, நுனி பட்டவுடன் அதிரத் தொடங்கி நிற்பதே இல்லை. குழியின் சுவரில் கருமணல் கோடு ஓடும் இடத்தில் அதிர்வு இன்னும் பலமாகிறது. உணர்திறன் மேல்நிலையில் உள்ளது. புதுப் பேட்டரி போட்டும் மாற்றமில்லை. உள்ளே ஈரம் இறங்கிவிட்டதா என்று உறையைத் திறந்து பார்க்கலாமா?

பதில் (இசிபிங்கோ)

தம்பி, உறையைத் திறக்க வேண்டாம். காய்ந்த மணலில் அமைதியாக இருந்து ஈர மணலில் மட்டும் அதிரும் கருவி பழுதானதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. திறந்தால்தான் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கலைந்து, இல்லாத பழுது வந்து சேரும்.

நுனிக்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான தண்டின்மேல் சுற்றிய சிறிய கம்பிச்சுருள் இருக்கிறது. அது மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை வெளிவிடுகிறது. அருகில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து அந்தப் புலத்தைக் கலைக்கிறது. அந்தக் கலைவைத்தான் நாம் அதிர்வாக உணர்கிறோம். உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கடல்நீர் ஊறிய மணல் கொஞ்சம் உலோகம் போலவே நடந்துகொள்கிறது. கருமணலின் தொல்லை வேறு வகை: அதிலுள்ள மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் காந்தப்புலத்தையே மாற்றிவிடுகின்றன. ரிச்சர்ட்ஸ் பேயில் மணற்குன்றுகளைத் தோண்டி இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் என்ற தாதுக்களை எடுக்கிறார்களே, அந்த வகைக் கனமணல்தான் நம் பக்கத்துக் கரைகளிலும் அலை ஒதுக்கும் இடங்களில் கருங்கோடாகப் படிகிறது.

கருவியை இயக்கும் கணத்தில் நுனியைச் சுற்றி என்ன இருக்கிறதோ, அதையே பெரும்பாலான மாடல்கள் சுழியமாக, அதாவது உலோகம் இல்லாத நிலையாக, வைத்துக்கொள்கின்றன. இடுப்பு உறையிலிருந்து உருவிக் காற்றிலேயே இயக்கினால் காற்றுதான் சுழியம். அதன்பிறகு மணல் எல்லாமே அதற்கு உலோகமாகத்தான் தெரியும். ஆகவே உணர்திறனை ஒரு படி குறைத்துவிட்டு, குழியிலிருந்து ஒரு முழம் தள்ளி, உலோகம் இல்லை என்று டிடெக்டர் காட்டிய ஈர மணலில் நுனியை வைத்துப் பொத்தானை ஒருமுறை சட்டென்று அழுத்தி விடுங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள், பல மாடல்கள் அணைந்துவிடும். இதைப் பொருளுக்கு நேர் மேலே செய்துவிடவும் கூடாது. செய்தால் தாலியும் சுழியத்தோடு சேர்ந்து கருவியின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. நீங்கள் சொன்னபடி செய்ததும் வெறும் ஈர மணலில் அமைதியாகிவிட்டது. ஆனால் கருமணல் கோட்டைக் கடக்கும்போது இன்னும் விட்டுவிட்டு அதிர்கிறது. டிடெக்டரைப் பக்கத்தில் கிடத்தியிருந்தால் காரணமில்லாமல் ஒரு நடுக்கமும் வருகிறது. உணர்திறனைக் குறைத்தபின் நாணயம் ஏறக்குறைய நுனியைத் தொட்டால்தான் தெரிகிறது. தாலியோ நாணயத்தைவிடச் சிறியது. கோத்திருந்தது மஞ்சள் சரடு என்பதால் அந்தச் சரடு எந்தக் கருவிக்கும் அகப்படாது.

பதில் (ரீயூனியன், சேன் பியேர்)

ஐயா, எங்கள் தீவில் எத்தான் சலே கரை முழுவதுமே எரிமலைப் பாறை தேய்ந்த கருமணல். அங்கே பின்பாயிண்டரைக் குழிக்குள் ஆட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. நுனி நகர நகர மணலின் தன்மை மாறுகிறது. அந்த மாற்றத்துக்கெல்லாம் அது துடிக்கிறது.

ஆகையால் கருவியை அசைக்காதீர்கள், மணலை அசையுங்கள். பின்பாயிண்டரை ஒரு பிளாஸ்டிக் வாளியின் விளிம்பில் நுனி வெளியே நீட்டியிருக்கும்படி துணியால் கட்டிவிடுங்கள். அதே குழியின் மணலில், உலோகமில்லாத ஒரு கைப்பிடியை நுனியில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு சுழியத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு குழியிலிருந்து ஒவ்வொரு கைப்பிடியாக அள்ளி, அதே அளவு, அதே நெருக்கத்தில் நுனியை உரசிக் கொண்டுபோங்கள். மண் மட்டும் இருந்தால் அதிர்வு மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும். உலோகம் இருந்தால் ஒரு இடத்தில் வெட்டினாற்போல் துடிக்கும். சிறிது நேரத்தில் விரல்களுக்கே வேறுபாடு பிடிபட்டுவிடும். எல்லா மணலும் நுனியை ஒட்டியே போவதால், உணர்திறனைக் குறைத்ததன் இழப்பும் இம்முறையில் பெரிதாகத் தெரியாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். எஃகு மண்வாரியையும் தள்ளி வையுங்கள்.

பதில் (டொங்காட்)

அந்த நடுக்கத்துக்கு டிடெக்டர்தான் காரணம். பல பின்பாயிண்டர்கள் 12 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன. டிடெக்டரும் அதை ஒட்டிய அலைவெண்ணில் இருந்தால் ஒன்றின் புலம் மற்றதைக் குழப்பும். டிடெக்டரை அணைத்துவிடுங்கள், அல்லது சில அடி தள்ளி அதன் நுனியிலுள்ள தேடும் வட்டத்தட்டு மறுபக்கம் பார்க்கும்படி வையுங்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு சொல்: ரீசார்ஜ் செய்யும் 9 வோல்ட் பேட்டரிகளில் பல 8.4 வோல்ட்தான் தருகின்றன. கடற்கரை வேலைக்குப் புது அல்கலைன் பேட்டரியே நல்லது. வீடு திரும்பியதும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரி மூடியைத் திறக்கவும்.

கேள்வி கேட்டவர்

வாளி முறை எனக்கு மிகவும் உதவியது. நடுக்கமும் நின்றுவிட்டது. தாலி இன்னும் கிடைக்கவில்லை. பூசையில் இட்ட நாணயங்களும் ஆறு அடித்து வந்த புட்டி மூடிகளும்தான் திரும்பத் திரும்ப அகப்படுகின்றன. பின்பாயிண்டரைக் கொண்டு தங்கத்தையும் நாணயத்தையும் பிரிக்க வழி உண்டா?

பதில் (இசிபிங்கோ)

சாதாரணப் பின்பாயிண்டரால் முடியாது, தம்பி. உலோகம் என்று மட்டும்தான் சொல்லும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எஃகு மூடிகளும், வெண்கல முலாம் பூசிய எஃகால் ஆன பழைய 10, 20, 50 சென்ட் நாணயங்களும் அதில் ஒட்டிக்கொள்ளும், தங்கம் ஒட்டாது. காந்தத்தைப் பின்பாயிண்டர் அருகே கொண்டுபோக வேண்டாம். கடலுக்கென்று இட்ட நாணயங்களைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவதுதான் முறை என்பது என் கருத்து.

பழைய கப்பலின் உடைந்த பகுதி எதுவும் தட்டுப்பட்டால் கை வைக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கப்பற்சிதைவுகள் தொல்பொருளாகும். அனுமதியின்றி எடுப்பது குற்றம்.

தங்கம் கனமானது, அலை மணலைக் கலைக்கக் கலைக்க அது இறுகிய அடிப்படுகை வரை இறங்கி நின்றுவிடும். அமாவாசையை ஒட்டி நீர் வழக்கத்தைவிட அதிகம் வற்றும்போது, அந்த அம்மா நின்ற இடத்திலிருந்து தண்ணீர்ப் பக்கமாக, கெட்டிப் படுகை தட்டுப்படும் ஆழம் வரை தோண்டிப் பாருங்கள். ஆற்று முகத்தில் இழுப்பு பலம். துணைக்கு ஓர் ஆளைக் கரையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.