படத்துக்குப் பணம் திரட்டித் தரலாமா?

கேள்வி (ஆம்பூர்):
ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் படம் எடுக்கிறார். கூட வேலை செய்பவர்களிடம் ஆளுக்கு 50,000 வாங்கிக் கொடுத்தால் அவர்களுக்கு ரெண்டு வட்டி, எனக்குத் தனியாகக் கமிஷன் என்கிறார். நல்ல மனிதர், கதையும் நன்றாக இருக்கிறது. போனஸ் பணம் கையில் இருப்பதால் பலரும் தரத் தயார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில் (வேலூர்):
தம்பி, கதையை விடுங்கள். அவர் சொந்தக் காசு எவ்வளவு உள்ளே இருக்கிறது?

விநியோக ஆபீஸில் கணக்கு எழுதியவன் நான். செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு மூன்றும் சேர்ந்து ஒரே ஏரியா. எம்.ஜி.யில், அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று தொகையை உறுதி செய்து படத்தை வாங்கினால், நஷ்டம் எங்கள் தலையில். அதனால் எங்கள் முதலாளி ஆரணி, திருப்பத்தூர் வரை தியேட்டர்காரர்களைக் கேட்காமல் விலை பேசமாட்டார். அப்புறம் வெளியார் பணத்தில் ஏரியா எடுக்க ஆரம்பித்தார். அதே மனிதர், சொன்ன விலைக்குக் கையெழுத்துப் போட்டார். ஓடினால் பங்கு உண்டு, ஓடாவிட்டால் அவர் கையைக் கடிக்காது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் கம்பெனியில் தோல் வீணானால் சதுர அடிக் கணக்கில் தெரிந்துவிடும். படம் விழுந்தால் மழை, கிரிக்கெட், எதிரே பெரிய படம் என்பார்கள். எல்லாமே உண்மையாகவும் இருக்கும். காசு போட்டவருக்கு எதுவும் பிடிபடாது.

உங்கள் கமிஷனும் அதே ரகம்தான். படம் பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் அது உங்களுக்கு வந்துவிடும்.

பதில் (குடியாத்தம்):
வட்டி சொல்லி வெளியாரிடம் பணம் திரட்டுவது 2019 ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்தில் மாட்டும். வசூலித்துக் கொடுத்தவரையும் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூப்பிடும். ஜாக்கிரதை.

கேட்டவர்:
அவரிடமே கேட்டேன். சொந்தப் பணம் இல்லையாம். தன் இயக்குநர் சம்பளத்தை முதல் ஷெட்யூலிலேயே எடுத்துக்கொள்வாராம். நான் கமிஷன் வாங்காவிட்டால் பரவாயில்லையா அண்ணா?

பதில் (வேலூர்):
பணம் அப்போதும் உங்கள் முகத்துக்காகத்தானே வரும்? பெரிய ஃபைனான்சியர் தன் பாக்கி தீராமல் ரிலீஸுக்கு விடமாட்டார். ரிலீஸுக்கு முந்தின ராத்திரி பஞ்சாயத்தெல்லாம் அதற்குத்தான். ஸ்டிச்சிங்கில் இருந்து 50,000 தரும் அக்காவால் எதை நிறுத்தி வைக்க முடியும்? யாரிடமும் வாங்காதீர்கள். ஆசையாக இருந்தால் உங்கள் காசை மட்டும் போடுங்கள், அதுவும் அவர் சம்பளம் கடைசியில்தான் என்று எழுதிக் கொடுத்தால்.