ராக்சேண்டுக்குத் தமிழில் ‘உடைமணல்’ சரிப்படுமா?

ஐயா, வணக்கம்.

கட்டடத் தொழில் சொற்பட்டியலில் ராக்சேண்டுக்கு, அதாவது பாறையை உடைத்துச் செய்யும் கட்டுமான மணலுக்கு, நேரே ‘செயற்கை மணல்’ என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். செயற்கை என்றதும் ஏதோ ரசாயனச் சரக்கு என்று வீடு கட்டுகிறவர் மிரளுவார். மொரீசியசில் அந்த மிரட்சி ஆகாது. முன்பு லகூனில், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள ஆழமற்ற கடலில், பவளமணல் அள்ளிக் கட்டினோம். கரையும் பவளமும் பட்ட பாட்டில் 2001இல் அதற்குத் தடை வந்தது. இப்போது எரிமலைக்கல்லை உடைத்த மணல்தான் கதி. கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் பொறுக்கிக் குவித்த கற்குவியல்களைப் பார்த்தாலே தெரியும்.

‘கல்தூள்’ என்பதும் ஒத்துவராது. அது ஜல்லி உடைக்கும்போது தானாக உதிர்வது. இது வேண்டுமென்றே செய்வது. தாடை கிரஷர், கூம்பு கிரஷர் தாண்டி வந்த கல்லை வி.எஸ்.ஐ. என்னும் செங்குத்துத் தண்டு மோதல் எந்திரத்தின் ரோட்டர் (சுழலி) சுழற்றி வீசும். கல்லோடு கல் மோதி முனை மழுங்கும். இந்தப் படியை விட்டால் சில்லுச் சில்லாக விழும், கலவை கரண்டிக்கு வராது. கொத்தனார் தண்ணீரை ஊற்றுவார், கான்கிரீட்டின் வலு போகும்.

பிறகு சலிப்பும் கழுவலும். ஈரமணலை ஒரு பிடி இறுக்கி விட்டுப் பாருங்கள். உள்ளங்கையில் சாம்பல் நிறச் சேறு அப்பினால் தூள் மிகுதி. அடியோடு கழுவித் தள்ளுவதும் தப்பு, கொஞ்சம் நுண்தூள் இருந்தால்தான் இடுக்கு அடைபட்டுக் கலவை குழைவாகும். இந்தியத் தரம் ஐ.எஸ். 383 (2016), 75 மைக்ரானுக்குக் குறைந்த தூளை இயற்கை மணலில் 3 விழுக்காடும் உடைத்த மணலில் 15 விழுக்காடும் வரை அனுமதிக்கிறது.

ஆகவே ‘உடைமணல்’ என்கிறேன். வினைத்தொகை. கழுவிய உடைமணல், உடைமணல் ஆலை என்று நீட்டவும் வசதி.

---

தம்பி, ‘செயற்கை’யை எடுத்துவிட்டேன். ஆனால் ‘உடை’ என்றதும் என் மாணவர்களுக்குத் துணிமணிதான் நினைவு வரும். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளைகள். ‘கல்மணல்’ என்றால் இரண்டு சொல்லும் தெரிந்தவை. இங்கே அதற்கு எதிரே நிற்பது பவளமணல். அது கல்லில் பிறந்ததில்லை. குழப்பத்துக்கு இடமேது?

---

ஐயா, இந்தத் தீவுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். தமிழ்நாட்டில் ஆற்றுமணலும் பாறை தேய்ந்து வந்ததுதானே? அங்கே ‘கல்மணல்’ எதையும் பிரித்துக் காட்டாது. உடைத்தது என்பதுதான் எங்கும் வேறுபாடு. பள்ளிப் பாடத்தில் ‘கல்மணல்’ இருக்கட்டும், தொழிற்பட்டியலில் ‘உடைமணல்’ முன்னால் நிற்கட்டும். ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள்: விளக்க வரியில் ‘முனை மழுக்கி, 4.75 மி.மீ. சல்லடையில் சலித்தது’ என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கல்தூள் விற்பவரும் இதே பெயரைப் போட்டு லாரியை அனுப்பிவிடுவார்.