சூடானதும் நிற்கும் சன்னி எஃப்.பி.15, எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டுமா?

வணக்கம், திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். என்னுடையது 2000ஆம் ஆண்டு நிசான் சன்னி எஃப்.பி.15, 1500 சிசி கியூஜி எஞ்சின், ஓட்டோ கியர். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும், டவுனுக்குள் ஓடினால் ஒரு கரைச்சலும் இல்லை. முக்கால் மணித்தியாலம் விடாமல் ஓடினால்தான் இழுவை குறைந்து, ஒருதரம் குலுக்கி நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். சூட்டு முள் நடுவிலேயேதான் நிற்கிறது. போன கிழமை அப்பாவை அநுராதபுரம் கிளினிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, ஹொரவப்பொத்தானை தாண்டி, பொழுதுபடுகிற நேரத்தில் நின்றது. யானை நடமாடும் பக்கம். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

கராஜில் சொன்னார்கள் என்று பெற்றோல் பம்ப் மாற்றினேன், 18,000 போனது, பலனில்லை. இப்போது எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் செயின் இழுபட்டு நீண்டுவிட்டது, திறந்தால் 1,60,000 வரும் என்கிறார்கள். என்ன செய்ய?

சீனக்குடா அண்ணன்: தம்பி, அவசரப்பட்டுத் திறக்க விடாதீங்கோ. கியூஜி எஞ்சினில் செயின் இழுபடுவது உண்மைதான், ஆனால் அது காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே கடகடவென்று சத்தம் காட்டும். சூட்டில் மட்டும் நின்று ஆறினதும் எழும்புகிறதென்றால் முதலில் கிராங்க் சென்சர், கேம் சென்சர் இரண்டையும்தான் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் கிராங்க், கேம் என்ற தண்டுகள் சுற்றும் நிலையைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இவைதான். சூட்டில் சென்சருக்குள் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் திரும்பிவரும். அதனால்தான் கராஜுக்குக் கொண்டுபோகும்போது கார் நல்ல பிள்ளையாக நிற்கிறது. அடுத்தமுறை நின்றதும் பொனற்றைத் திறக்காமல் சாவியைத் திருப்பி, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கோ. எஞ்சின் சுற்றும்போதும் முள் துளிகூட அசையவில்லை என்றால் கிராங்க் சென்சரில்தான் பெரும்பாலும் சந்தேகம். அதோடு நிசானுக்குச் சரிவருகிற ஸ்கேனர் வைத்திருக்கிற ஆளிடம் காட்டுங்கோ. அதில் வருகிற பிழைக் கோட் பி0335 என்றால் கிராங்க், பி0340 என்றால் கேம். கோட் வந்தாலும் வயரையும், அது சென்சரில் செருகுகிற சொக்கற்றையும் பார்த்த பிறகே சாமான் வாங்க வேண்டும்.

நிலாவெளி: பற்றரியைக் காரின் பொடியோடு இணைக்கும் எர்த் வயரையும் கழற்றிப் பாருங்கள். கடற்கரைக் காரில் உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். என்னுடையதில் வெளியே உறை புதிதுபோல இருந்தது, வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைத் தூள். அப்புறம் ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், எங்கள் பக்கத் தண்ணீருக்கு உள்ளே சுண்ணாம்பு பிடித்து அடைக்கும்.

கிண்ணியா: கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய காரில் கழற்றின சென்சர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் உங்களுடையதைப்போல இருபது வருடம் சூடு தின்றதுதான், எத்தனை நாள் நிற்குமென்று யாருக்கும் தெரியாது. கதவுக் கைபிடி, லைட் கூடு என்றால் பழையது வாங்குங்கள். சென்சர் புதிதாகவே போடுங்கள்.

எழுதியவர்: எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே கந்தளாய்ப் பக்கம் ஓடினேன், நின்றது. அண்ணன் சொன்னதுபோல சாவியைத் திருப்பினேன், முள் பூச்சியத்தில் செத்துக் கிடந்தது. ஸ்கேனரில் பி0335. சொக்கற்றைக் கழற்றினால் உள்ளே ஒயில் ஊறி, ஒரு பின் கறுத்திருந்தது. புதிய சென்சர் 14,500, கூலி 2,500, எர்த் வயர் 1,800, மொத்தம் 18,800. நேற்று ஹபரணை வரை போய்வந்தேன், ஏசியும் போட்டபடி, ஓரிடத்திலும் நிற்கவில்லை. ரேடியேற்றர் வேலையை அடுத்த மாதம் பார்க்கிறேன். வியாழக்கிழமை அப்பாவுக்குத் திரும்பக் கிளினிக், இந்தக் காரில்தான் போகிறோம்.